விடச் சொல்கிறோம், விட உதவுகிறோமா?

கல்லூரி வாசலில் அந்தப் பலகையைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். இந்தக் கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் சிகரெட்டும் பிற புகையிலைப் பொருட்களும் விற்பது குற்றம். மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். 2003-ம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வைக்கச் சொன்ன பலகை அது. பொது இடங்களில் புகைப்பதற்கான தடை 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் கடுமையாக்கப்பட்டது. கல்லூரி வளாகமும் அதற்குள் அடக்கம். மத்திய சுகாதார அமைச்சகம் 'புகையிலை இல்லாத கல்வி நிறுவனம்' என்று வழிகாட்டுதல் வகுத்து, எல்லையைக் காட்ட மஞ்சள் கோடு போடவும் சொல்லியிருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் இரண்டு வருடமாகப் புகைத்துவரும் ஒரு மாணவர், 'போதும், இதை விட்டுவிடலாம்' என்று முடிவெடுக்கும் நாளில் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும்? அதை அந்தப் பலகை சொல்வதில்லை. வார்டனிடம் சொன்னால் விசாரணை வரும். துறைத் தலைவரிடம் சொன்னால் 'பெற்றோரைக் கூட்டி வா' என்பார். வளாக மருந்தகத்தில் காய்ச்சலுக்கு மாத்திரை கிடைக்கும். இதற்குப் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. புகைக்காதே என்று சொல்வது பல்கலைக்கழகத்தின் வேலையில் பாதிதான். புகைப்பவர் அதிலிருந்து வெளியேற உதவுவது மறுபாதி. அந்த மறுபாதியைச் செய்யப் பல்கலைக்கழகத்தைவிடப் பொருத்தமான இடம் நம் சமூகத்தில் வேறு இல்லை.

முதலில் வயதைப் பார்ப்போம். 2016-17ல் இந்தியாவில் நடந்த உலகளாவிய வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி, இங்கே புகையிலைப் பழக்கம் தொடங்கும் சராசரி வயது 18.9. பிளஸ் டூ முடித்து, வீட்டைவிட்டு வெளியே வந்து, கைச்செலவுப் பணத்தோடு முதல்முறையாக ஹாஸ்டல் அறைக்குள் நுழையும் வயது அது. 2009-10க்கும் 2016-17க்கும் இடையில் நாட்டின் மொத்தப் புகையிலைப் பயன்பாடு 34.6 சதவீதத்திலிருந்து 28.6 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டிலோ அதே காலத்தில் 16.2 சதவீதம் 20 ஆகக் கூடியது. இன்னொரு கணக்கையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 18 முதல் 23 வயது வரையிலானவர்களில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம் என்கிறது 2021-22ன் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு. நாட்டின் சராசரி 28.4 தான். பழக்கம் தொற்றிக்கொள்ளும் வயதில் ஏறக்குறைய பாதிப் பேர், மூன்று நான்கு ஆண்டுகளுக்கு, பெயரும் வருகைப்பதிவும் தெரிந்த இடத்தில் இருக்கிறார்கள். படித்து முடித்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் பிரிந்துபோன பிறகு அவர்களை எந்தச் சுகாதாரத் திட்டமும் இப்படி ஒரே இடத்தில் சந்திக்கப்போவதில்லை.

இந்த வயதில் விட்டால் கிடைக்கும் பலனோ மிகப் பெரியது. பிரிட்டனில் 1951ல் தொடங்கி 50 ஆண்டுகள் மருத்துவர்களையே ஆய்வுக்கு உட்படுத்திய ரிச்சர்ட் டாலும் ரிச்சர்ட் பீட்டோவும் 2004ல் வெளியிட்ட முடிவு இது: காலமெல்லாம் புகைப்பவர் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழக்கிறார். 60 வயதில் விட்டால் அதில் 3 ஆண்டு மீள்கிறது; 50ல் விட்டால் 6; 40ல் 9; 30 வயதில் விட்டால் கிட்டத்தட்ட அந்த 10 ஆண்டும் மீள்கிறது. இருபதுகளில் நிற்கும் ஒருவருக்கு இழப்பு இன்னும் ஏறக்குறைய முழுமையாகத் தவிர்க்கக்கூடியது. புகையிலைக்கு எதிரான நம் பிரசாரம் பெரும்பாலும் புற்றுநோய்ப் படங்களைக் காட்டி இளைஞர்களை அச்சுறுத்துகிறது. 'இப்போதே விட்டால் உனக்கு ஒன்றும் ஆகாமல் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது' என்ற செய்தியை அவர்களிடம் யாரும் கொண்டுபோவதில்லை. இளைஞர்களை நகர்த்தக்கூடிய செய்தி அதுதான் என்று நான் நம்புகிறேன்.

தடை பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகம் 2008ல் வளாகம் முழுவதும் புகைக்கத் தடை விதித்தது. 2007க்கும் 2009க்கும் இடையே அங்கே புகைக்கும் மாணவர்களின் விகிதம் 16.5 சதவீதத்திலிருந்து 12.8 ஆகக் குறைந்தது. அதே மாநிலத்தில் அத்தகைய தடை இல்லாத பர்டியூ பல்கலைக்கழகத்தில் 9.5 சதவீதம் 10.1 ஆனது. தடை வேலை செய்கிறது, ஐயமில்லை. புதிதாகத் தொடங்குபவர்களைத் தடுக்கிறது, எப்போதாவது புகைப்பவர்களை யோசிக்க வைக்கிறது, புகைக்காதவர்களின் நுரையீரலைக் காக்கிறது. ஆனால் காலையில் எழுந்தவுடன் சிகரெட் தேவைப்படும் நிலைக்கு ஏற்கெனவே வந்துவிட்டவரைத் தடையால் என்ன செய்ய முடியும்? அவரை வாசலுக்கு வெளியே அனுப்பும், அவ்வளவுதான். 100 கஜம் என்பது 91 மீட்டர். இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் டீக்கடைவரை போய்த் தம் அடித்துவிட்டுத் திரும்ப அந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை.

'மனசு வைத்தால் விட முடியாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. இந்த விவாதத்தில் மிக அதிகமாகக் கேட்கும் வாக்கியமும் இதுதான். நியாயம் போலத் தோன்றுவதால் மிக அதிகமாகக் கெடுதல் செய்யும் வாக்கியமும் இதுதான். புகையை உள்ளிழுத்த 10 முதல் 20 விநாடிக்குள் நிக்கோடின் மூளையை எட்டுகிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய, மூளை மறுபடியும் கேட்கத் தொடங்குகிறது. எரிச்சல், கவனம் சிதறுதல், தூக்கமின்மை, பசி எல்லாம் நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போய், அடங்க இரண்டு முதல் நான்கு வாரம்வரை ஆகும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் இந்தச் சார்புநிலைக்குத் தனி இடம் இருக்கிறது. மனசு வைப்பவர்களுக்கும் பஞ்சமில்லை. முன்பு சொன்ன இந்திய ஆய்விலேயே புகைப்பவர்களில் 55.4 சதவீதம் பேர் விடத் திட்டமிட்டிருந்தார்கள் அல்லது அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள், 38.5 சதவீதம் பேர் அதற்கு முந்தைய 12 மாதங்களில் முயன்றே பார்த்திருந்தார்கள். பெரும்பாலோர் எந்த உதவியும் இல்லாமல் முயன்றார்கள். உதவியின்றி முயல்பவர்களில் ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை தாக்குப்பிடிப்பவர்கள் 100க்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிறார்கள். மனவுறுதி ஏராளமாக இருந்தும் தோற்றவர்கள்தான் மீதமுள்ள தொண்ணூற்றைந்து பேரில் பெரும்பகுதி.

அந்தத் தோல்வி எப்போது நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். விட்டவர்கள் மறுபடி தொடங்குவது பெரும்பாலும் முதல் எட்டு நாட்களுக்குள். அந்த எட்டு நாளும் மாணவர் எங்கே இருக்கிறார்? ஹாஸ்டலில், மெஸ்ஸில், லேபில். காலை டீயோடு சேர்ந்தே வந்த சிகரெட் இன்று இல்லை. இன்டர்னல் தேர்வுக்கு முந்தைய இரவு பதினொரு மணிக்கு அறைத்தோழர் 'வாடா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்' என்று கூப்பிடுகிறார். வாசலுக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையில் முழுப் பாக்கெட் வாங்க வேண்டியதில்லை. ஒற்றை சிகரெட் கிடைக்கும், பற்றவைக்க லைட்டர் ஒன்று நூலில் தொங்கும். ஒரு தவிப்பின் உச்சம் சில நிமிடங்களே நீடிக்கும். அந்தச் சில நிமிடங்களைக் கடத்தத் துணைக்கு ஆளோ, வாயில் போட ஒரு மருந்தோ, கையிலிருக்கும் போனில் ஒரு குரலோ இருந்தால் அந்த இரவு தப்பிவிடும். இவற்றில் எதுவும் மருத்துவர் வீட்டிலோ மாவட்டத் தலைநகர் மருத்துவமனையிலோ இருந்து பயனில்லை. ஆபத்து இருக்கும் இடத்திலேயே உதவியும் இருக்க வேண்டும். அந்த இடம் வளாகம்.

எந்த உதவி பலிக்கும் என்பதில் மருத்துவ உலகில் பெரிய சந்தேகம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில் வயதுவந்தோர் புகையிலையை விடுவதற்கான தன் முதல் சிகிச்சை வழிகாட்டுதலை வெளியிட்டது. நிக்கோடின் மாற்று சிகிச்சை, வரெனிக்ளின், புப்ரோபியான், சைட்டிசின் ஆகிய மருந்துகளை அது பரிந்துரைக்கிறது. மருந்தோடு ஆலோசனையும் சேர வேண்டும் என்கிறது. நிக்கோடின் மாற்று சிகிச்சை மட்டுமே வெற்றி வாய்ப்பைச் சுமார் 50 சதவீதம் கூட்டுகிறது. மருந்தும் ஆலோசனையும் சேரும்போது அந்தக் கூடுதல் 80 சதவீதத்தைத் தாண்டுகிறது. இந்தியாவும் 2022ல் திருத்திய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நிக்கோடின் மாற்று சிகிச்சையைச் சேர்த்தது. 2 மில்லிகிராம் நிக்கோடின் சூயிங்கத்தை மருந்துச் சீட்டில்லாமலே மருந்துக்கடையில் வாங்கலாம்.

இங்கேதான் ஆலோசனை ஏன் தேவை என்பது கண்கூடாகத் தெரிகிறது. கடையில் வாங்கியவர் அதைச் சாதாரண பபிள்கம் போல வேகமாக மென்று எச்சிலை விழுங்குகிறார். நிக்கோடின் வயிற்றுக்குப் போகிறது. விக்கல், குமட்டல், நெஞ்செரிச்சல். பலனும் இல்லை. 'இதெல்லாம் வேலைக்கு ஆகாது' என்று அடுத்த நாளே தூக்கிப் போட்டுவிடுகிறார். சொல்லித்தர ஆள் இருந்தால் முறை எளிது: மெதுவாக மெல்ல வேண்டும், மிளகு கடித்ததுபோல நாக்கில் சுருக்கென்றதும் மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும், காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும், இப்படி அரை மணி நேரம். அதற்கு முந்தைய 15 நிமிடத்தில் காபியோ குளிர்பானமோ குடித்திருக்கக் கூடாது. அவை நிக்கோடின் வாயில் உறிஞ்சப்படுவதைக் குறைத்துவிடும். காலையில் எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட்டைத் தேடுபவருக்கு 2 மில்லிகிராம் போதாமல் போகலாம். 4 மில்லிகிராமுக்குச் சீட்டு வேண்டும். இவ்வளவையும் சொல்லப் பத்து நிமிடம் போதும். வளாக மருந்தகத்தின் செவிலியருக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்தால் அவரே சொல்லித்தருவார்.

நேரில் வரத் தயங்குபவர்களுக்குப் போன் இருக்கிறது. ஸ்வீடன் பல்கலைக்கழகங்களில் 1,590 மாணவர்களை வைத்து நடத்தப்பட்ட பரிசோதனையின் முடிவு 2016ல் வெளிவந்தது. விட விரும்பியவர்களில் ஒரு பிரிவுக்குப் பல வாரங்கள் தொடர்ந்து குறுஞ்செய்திகள் அனுப்பினார்கள். அந்தப் பிரிவில் எட்டு வாரம் விட்டிருந்ததாகச் சொன்னவர்கள் 25.9 சதவீதம், செய்தி பெறாத பிரிவில் 14.6. இது மாணவர்களே சொன்ன தகவல், குறுகிய காலக் கணக்கு என்பதை மறைக்க வேண்டியதில்லை. இதே குறுஞ்செய்தி முறையில் பிரிட்டனில் பொதுமக்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஆறு மாதம் கழித்து உமிழ்நீரைச் சோதித்தே முடிவு சொன்னது: விட்டிருந்தவர்கள் செய்தி பெறாத பிரிவில் 4.9 சதவீதம், பெற்ற பிரிவில் 10.7. செலவு மிகக் குறைந்த ஒரு வழி, வெற்றியை இரட்டிப்பாக்கியிருக்கிறது. இந்தியாவின் தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண்ணான 1800-11-2356, 2016ல் தொடங்கியது ஒரு பல்கலைக்கழகத்துக்குள்தான்: டெல்லி பல்கலைக்கழகத்தின் வல்லபாய் படேல் நெஞ்சக நோய் நிறுவனத்தில். பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் உள்ளிட்ட மையங்களும் சேர்ந்தன. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. 2018 செப்டம்பர் முதல் ஒவ்வொரு சிகரெட் பாக்கெட்டிலும் இந்த எண் அச்சாகிறது. ஆனால் மாணவர் வாங்குவது பாக்கெட் இல்லையே! ஒற்றையாக வாங்குபவர் கண்ணில் 85 சதவீத எச்சரிக்கைப் படமும் படுவதில்லை, உதவி எண்ணும் படுவதில்லை. அரசு பாக்கெட்டில் அச்சடித்ததைப் பல்கலைக்கழகம் ஹாஸ்டல் கழிப்பறைக் கதவிலும் மெஸ் சுவரிலும் ஒட்டினால்தான் அது அவருக்குப் போய்ச் சேரும்.

இத்தனையும் இருந்தாலும் ஒரு காரணத்தால் எல்லாம் வீணாகலாம். உதவி கேட்டு வந்தவரின் பெயர் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகும் என்ற பயம் ஒரு மாணவரிடம் இருந்தாலும் போதும், அடுத்தவர் வரமாட்டார். நம் கல்லூரிகளில் ஆலோசகர் பெரும்பாலும் நிர்வாகத்தின் ஆளாகவே பார்க்கப்படுகிறார். பல இடங்களில் ஒரு பேராசிரியரே ஆலோசகர் பொறுப்பையும் ஒழுங்குக் குழுப் பொறுப்பையும் வகிக்கிறார். தண்டிக்கும் கையும் உதவும் கையும் ஒன்றாக இருக்கக் கூடாது. உதவிக்கு வந்தவர் பற்றிய எந்தக் குறிப்பும் வார்டனுக்கோ பெற்றோருக்கோ வேலைவாய்ப்புப் பிரிவுக்கோ போகாது என்று பதிவாளர் கையெழுத்திட்ட சுற்றறிக்கை வேண்டும். மாணவியருக்கு இது இன்னும் முக்கியம். இந்தியாவில் புகைக்கும் பெண்கள் 2 சதவீதம்தான். அதனாலேயே ஒரு மாணவி வாய்திறந்தால் பேச்சு சிகரெட்டோடு நிற்காமல் அவளுடைய நடத்தைக்குப் போய்விடுகிறது. 'பெற்றோருக்குத் தெரிய வேண்டாமா?' என்று கேட்பார்கள். கவலை நியாயமானது. ஆனால் 18 வயது நிறைந்த ஒருவர் தானாக முன்வந்து சிகிச்சை கேட்கிறார். வீட்டுக்குச் சொல்வோம் என்று மிரட்டினால் அவர் வீட்டுக்கும் தெரியாமல், சிகிச்சையும் இல்லாமல் புகைத்துக்கொண்டே இருப்பார். எந்தப் பெற்றோர் அதை விரும்புவார்?

'படிப்பின் அழுத்தத்துக்கு ஒரு வடிகால் வேண்டாமா, அரியர் வைத்திருப்பவனிடம் போய் சிகரெட்டையும் பிடுங்குவதா' என்று மாணவர்களே கேட்பார்கள். சிகரெட் தணிக்கும் தவிப்பில் பெரும்பகுதி முந்தைய சிகரெட் உண்டாக்கியதுதான். 2014ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான தொகுப்பு 26 ஆய்வுகளை அலசியது. தொடர்ந்து புகைத்தவர்களோடு ஒப்பிட, விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைந்திருந்தன. முதல் சில வாரம் கடினம் என்பது உண்மை. ஆகவே செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஒருவரை விடச் சொல்வது கொடுமை. மே 31, உலகப் புகையிலை ஒழிப்பு நாள், இங்கே பெரும்பாலான வளாகங்கள் கோடை விடுமுறையில் காலியாகக் கிடக்கும் நேரம். உறுதிமொழி எடுக்க ஆளே இல்லாத அந்த நாளைவிட, வகுப்புகள் தொடங்கி ஓரிரு வாரம் கழித்து வரும் நாட்களே இந்த வேலைக்கு ஏற்றவை. 'நான் எப்போதாவது நண்பர்களோடு ஒன்று, அதற்கெல்லாம் என்ன' என்று சொல்பவருக்கு 2018ல் அதே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த இன்னொரு ஆய்வு பதில் வைத்திருக்கிறது: நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் புகைப்பவருக்கும், 20 புகைப்பவருக்கு ஏற்படும் கூடுதல் இதய நோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது.

நண்பர்களால் தொடங்கும் பழக்கம் நண்பர்களாலேயே முடியவும் கூடும். அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகரத்தவரை 30 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்த தரவுகளை அலசிய கிறிஸ்டாகிஸ், பவுலர் இருவரும் 2008ல் காட்டியது இது: மக்கள் தனித்தனியாக விடுவதில்லை, கூட்டம் கூட்டமாக விடுகிறார்கள். ஒரு நண்பர் விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 36 சதவீதம் குறைந்தது. ஹாஸ்டலின் ஒரு மாடியில் நான்கு பேர் சேர்ந்து விட முடிவெடுத்தால், இரவு பதினொரு மணிக்கு 'வாடா' என்று கூப்பிட அங்கே ஆள் குறைகிறது. கல்லூரிதோறும் இயங்கும் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றங்கள் பேரணிக்கும் சுவரொட்டிக்கும் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியை இப்படி ஏற்கெனவே விட்டுவிட்ட சீனியர்களைத் தேடிப் பிடித்து, விட நினைக்கும் ஜூனியர்களோடு சேர்த்துவிடுவதில் செலவிடலாம்.

'கஞ்சாவும் போதை மாத்திரையும் கூல் லிப் புகையிலைப் பொட்டலமும் வளாகத்தைச் சுற்றும்போது சிகரெட்டுக்கு இத்தனை ஏற்பாடா' என்று துணைவேந்தர்கள் கேட்கலாம். சிகரெட்டைப் பற்றி அச்சமில்லாமல் பேச ஒரு மாணவருக்கு இடம் கிடைத்தால், அதைவிடக் கடுமையான ஒன்றைப் பற்றிப் பேசவும் அவர் அங்கேதான் வருவார். இப்போது அந்த இடமே இல்லை. ஆளுக்கும் பணத்துக்கும் எங்கே போவது என்ற கேள்விக்கும் விடை தூரத்தில் இல்லை. இந்தியாவில் 2002ல் 13 புகையிலை விடுப்பு மருத்துவ மையங்கள் தொடங்கியபோது சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் அவற்றில் ஒன்று. இருபது ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவம் நம் ஊரிலேயே இருக்கிறது. பல் மருத்துவக் கல்லூரிகள் இத்தகைய மையங்களை நடத்த வேண்டும் என்று 2018ல் வழிகாட்டுதல் வந்தது. அங்கே பயிற்சி பெறும் மாணவர்களுக்குப் பார்க்க நோயாளிகள் வேண்டும். பக்கத்திலுள்ள கலைக் கல்லூரிக்கும் பொறியியல் கல்லூரிக்கும் ஆலோசகர்கள் வேண்டும். வாரம் ஒரு மாலை அவர்கள் இங்கே வந்து உட்கார இரண்டு முதல்வர்கள் பேசிக்கொண்டால் போதும். முதல் நான்கு வாரத்துக்கான நிக்கோடின் சூயிங்கத்தை இலவசமாகத் தருவதுதான் உண்மையான செலவு. மாணவர்களிடம் வாங்கும் மருத்துவக் கட்டணத்தில் இதற்கு இடம் ஒதுக்கலாம்.

பல்கலைக்கழகம் என்றால் மாணவர்கள் மட்டுமில்லை. இரவுக் காவலர், தோட்டக்காரர், பேருந்து ஓட்டுநர், கட்டுமானத் தொழிலாளர், ஆய்வக உதவியாளர், பேராசிரியர் எல்லோரும் அதே வளாகத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களில் பலர் கையில் இருப்பது பீடி. சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர் வேந்தன் கஜலட்சுமி, பீட்டோ முதலியோருடன் சேர்ந்து தமிழ்நாட்டில் 43,000 ஆண்களின் மரணங்களையும், ஒப்பிட 35,000 ஆண்களையும் ஆராய்ந்து 2003ல் லான்செட் இதழில் வெளியிட்டார். புகைத்தவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைக்காதவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு என்பது அதன் முடிவு. இந்த மண்ணில், இந்த மக்களிடம் எடுத்த கணக்கு அது. ஆகவே வாரம் ஒரு மாலை திறக்கும் அந்த அறை, ஒப்பந்தத்தில் வேலை செய்வதால் பல்கலைக்கழக அடையாள அட்டைகூட இல்லாத காவலருக்கும் திறந்திருக்க வேண்டும். அவருடைய பணிநேரம் மாலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது என்றால், அறை ஐந்து மணிக்கே திறக்கட்டும்.